பேஸ்மென்ட்டில் நாலு நாள்

உடம்பில் உயிர் இருக்கிறவரை இன்னொரு எலக்ட்ரீஷியன் தன் வீட்டு பேஸ்மென்ட் படியில் கால் வைக்கக் கூடாது என்று நெஸ்டர் ஒலினிக் சபதம் எடுத்தது ஜனவரி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. சபதத்துக்குச் சாட்சி இரண்டே பேர். ஒன்று அவர் மனைவி லெஸ்யா. இன்னொன்று, வயிறு நிறையத் தண்ணீரும் கோயில் மேசைவிரிப்புகளுமாக, பாதித் துவையலில் மூச்சை நிறுத்திவிட்டு நின்ற வாஷிங் மெஷின்.

சபதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நெஸ்டர் முப்பத்தெட்டு வருஷம் தானியக் கிடங்குகளில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அவர்கள் ஊரான தாஃபினைச் சுற்றி நூறு மைலுக்குள் எந்தக் கிடங்கில் மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் மேல் காதை வைத்துக் கேட்டே பேரிங் போயிற்றா காயில் போயிற்றா என்று சொல்லிவிடுவார். இந்த வீட்டுக்கு முழு வயரிங்கும் அவர் கையால் போட்டது. அப்படிப்பட்டவர் வீட்டுக்குத் துணி மெஷின் பார்க்க வெளியாள் வந்தால் காபிக்கடையில் எப்படித் தலைகாட்டுவது?

"பிராண்டன்ல ஒருத்தன் இருக்கானாம். போன் பண்ணினா நாளைக்கே வருவானாம்" என்றாள் லெஸ்யா.

"போனைக் கீழ வை."

"சனிக்கிழமை மலன்கா விருந்து. முப்பத்தாறு விரிப்பு இருக்கு. ஆறுதான் உள்ள போயிருக்கு, அதுவும் ஊறிக்கிட்டு நிக்குது."

அந்த முப்பத்தாறு வெள்ளை விரிப்புகளும் கோயில் மண்டபத்துச் சொத்து. அந்தக் கோயிலின் பழைய காலண்டர்படி ஏழாம் தேதி வந்த கிறிஸ்துமஸ் விருந்தில் பீட்ரூட் சூப்பை ஜனங்கள் குடித்தது பாதி, விரிப்புக்குக் கொடுத்தது பாதி. அதே கணக்குப்படி வருஷம் பிறக்கிற மலன்கா ராத்திரிக்குள் அவை பளிச்சென்று மேசை ஏற வேண்டும். பதினெட்டு வருஷமாக அது லெஸ்யாவின் பொறுப்பு. ஒரு வருஷம்கூட ஒரு கறையோடு போனதில்லை.

"பிராண்டன் பேச்சே எனக்குப் பிடிக்காதுன்னு தெரியுமில்ல" என்றார் நெஸ்டர்.

தெரியும். அந்த வீட்டில் பிராண்டன் ஒரு கெட்ட வார்த்தை ஆகி மூன்று மாசம் ஆயிற்று. அக்டோபரில் உள்ளூர் டாக்டரம்மா, நைஜீரியாவிலிருந்து புதிதாக வந்த சின்னப் பெண், நெஸ்டரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கடிகாரம் ஒன்று வரையச் சொன்னாள். பதினொரு மணி பத்து நிமிஷம் காட்ட வேண்டுமாம். "கடிகாரம் வேணும்னா உன் பின்னால சுவத்துல மாட்டியிருக்கு, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நெஸ்டர் எழுந்து வந்துவிட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய ஊரான பிராண்டனில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினாள். இரண்டு மணி நேர ஞாபகப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் டிரைவிங் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். நெஸ்டர் இரண்டு தடவை தேதியை ரத்து செய்தார். மூன்றாவது தேதி வருகிற செவ்வாய்க்கிழமை.

லைசென்ஸ் போனால் பிக்கப் வண்டி போயிற்று. பிக்கப் போனால் நெஸ்டருக்கு என்ன மிஞ்சும்? நாற்காலியும் ஜன்னலும். தன் மாமாவை அப்படி நாற்காலியில் உட்கார வைத்து ஆறு வருஷம் ஆடாமல் வைத்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

இதற்கு நடுவில்தான் போன வியாழக்கிழமை கசகசா சமாசாரம் நடந்தது. கிறிஸ்துமஸ் முதல்நாள் கோதுமைப் பாயசத்துக்குக் கசகசா குறைகிறது என்று லெஸ்யா சொல்ல, நெஸ்டர் மதியம் இரண்டு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கடை ஏழு தெரு தள்ளி. சாயங்காலம் ஏழரைக்குப் பனி தள்ளுகிற லாரிக்காரன் ஒருவன், முப்பது மைல் வடக்கே, ஏரிக்குப் போகிற ரோட்டோரத்தில், பிக்கப்பின் ஜன்னலைத் தட்டினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் முள் அடியைத் தொட்டுவிட்டிருந்தது. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் எஞ்சின் நின்றிருக்கும், அதற்குப் பிறகு நெஸ்டர். கசகசா மட்டும் வண்டியில் இல்லை.

"ரோடு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரப் போனேன்" என்று லெஸ்யாவிடம் சொன்னார். மகள் ரோக்சனா வின்னிபெக்கிலிருந்து போன் செய்தபோதும் அதையே சொன்னார். ஐந்தாறு தடவை சொன்னதில் அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதியைப் பற்றி அவர் யோசிப்பதில்லை. அந்த ஐந்தரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று தேடினால், விளக்கில்லாத அறையில் சுவரைத் தடவுகிற மாதிரி இருந்தது.

சாவியை ஒளித்து வை என்று ரோக்சனா அம்மாவுக்கு யோசனை சொன்னாள். லெஸ்யா மாவு டின்னுக்குள் ஒளித்தாள். நெஸ்டர் பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்து, முழங்கை வரை மாவோடு வந்து அவள் முன்னால் சாவியை ஆட்டிக் காட்டினார். அதோடு நிற்காமல் இன்னும் இரண்டு சாவி வெட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து லெஸ்யா சாவியைப் பற்றி வாய் திறக்கவில்லை. தோற்றுப்போய் விட்டுவிட்டாள் என்று நெஸ்டர் நினைத்துக்கொண்டார்.

"சரி, ஒரு பந்தயம்" என்றாள் லெஸ்யா இப்போது, நின்றுபோன மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கோளாறு எங்கேன்னு நீ கண்டுபிடிச்சுட்டா, பிராண்டன்ங்கிற பேரே என் வாயில வராது. நானே போன் பண்ணித் தேதியை ரத்து பண்றேன்."

"கண்டுபிடிக்கலன்னா?"

"செவ்வாய்க்கிழமை என்கூட வர. உக்காந்து கடிகாரம் வரையற. அவங்க என்ன சொல்றாங்களோ அதுக்குக் கட்டுப்படற. வண்டிச் சாவி உள்பட."

நெஸ்டர் சிரித்தே விட்டார். "நாலு நாள் எதுக்கு? நாலு மணி நேரம் போதும்."

"நாலு நாளே இருக்கட்டும்" என்று லெஸ்யா கையை நீட்டினாள். ஈரக்கையும் எண்ணெய்க்கையும் குலுக்கிக்கொண்டன. முப்பது விரிப்பு துவைக்காமல் கிடக்கும்போது ஒரு பொம்பளை இவ்வளவு தாராளமாக நாள் கொடுக்கிறாளே என்று அந்த இடத்தில் அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நெஸ்டர் முதலில் போனது சுவரிலிருக்கிற பிரேக்கர் பெட்டிக்கு. எந்த பிரேக்கரும் விழவில்லை. மெஷினுக்கு உரியது என்று அவர் நினைத்ததை ஒரு தடவை கீழே தள்ளி மேலே ஏற்றிப் பார்த்தார். மெஷின் அசையவில்லை. அப்படியானால் வீட்டு வயரிங்கில் குறையில்லை, குறை மெஷினில்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். தன் வயரிங்கைச் சந்தேகப்படுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

லெஸ்யா ஊறின விரிப்புகளைப் பிழிந்து கூடையில் அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு வேராவின் மெஷினுக்குப் போனாள். நெஸ்டர் பதினேழு வாளித் தண்ணீர் மொண்டு ஊற்றினார். பிளக்கைப் பிடுங்கி, மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, தகரச் சட்டையைக் கழற்றினார். உள்ளே மடித்துச் செருகியிருந்த வயரிங் படத்தை எடுத்து விரித்ததும் அவருக்குப் பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தது. மூடி திறந்தால் மெஷினை நிறுத்துகிற சுவிட்சை மல்டிமீட்டரில் பார்த்தார். நன்றாக இருந்தது. மோட்டார் காயிலை அளந்தார். அதுவும் நன்றாக இருந்தது. தண்ணீர் அளக்கிற சுவிட்ச், பம்ப், டைமர் எல்லாவற்றையும் பார்த்தார். ஒவ்வொன்றும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. சாயங்காலம் ஆகும்போது, அந்த மெஷின் தன்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது என்பதுதான் தெரியவந்தது.

"என்ன, ஆச்சா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"நெருங்கிட்டேன்" என்றார் நெஸ்டர்.

புதன்கிழமை காலை டைமர்தான் குற்றவாளி என்று முடிவு செய்தார். அளந்து பார்க்கும்போது நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, வேலை செய்யும்போது கையை விரிக்கிற டைமர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தவிர, வேறு எதையும் குற்றம் சொல்ல மிச்சமில்லை. கடைக்குப் போய் ஒன்று வாங்கி வரலாம் என்று கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மைனஸ் முப்பத்துநாலு. அந்த ஊரில் மாட்டைக் கட்டுகிற மாதிரி வண்டியையும் இரவில் வயரில் கட்டிப் போடவேண்டும். எஞ்சினுக்குள் ஒரு ஹீட்டர் இருக்கும், அதன் பிளக் வண்டி மூக்கில் தொங்கும், வீட்டு வெளிச்சுவரில் இருக்கிற பாயின்ட்டில் செருகிவிட்டுப் படுத்தால்தான் காலையில் வண்டி எழுந்திருக்கும். நெஸ்டர் அதை ஒருநாளும் மறந்ததில்லை. எதை மறந்தாலும் அதை மறந்ததில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சாவியைத் திருகினார். பழைய டீசல் வண்டி ஒரு தடவை முனகியது. இரண்டாவது தடவை அதுவும் இல்லை.

"பேட்டரியா இருக்கும்" என்றான் பக்கத்து வீட்டு மோரிஸ், வேலிக்கு அந்தப் பக்கம் பனி தள்ளிக்கொண்டே. அவன் வேராவின் புருஷன், நெஸ்டரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட இருக்கிறவன். "இந்தக் குளிர்ல ஊர்ல பாதி பேட்டரி செத்துப்போச்சு."

"உன் வண்டியக் குடு, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

மோரிஸ் பனியைத் தள்ளுவதை நிறுத்தினான். "வண்டி வேராவுக்கு வேணுமாம்" என்றான். பிறகு பனியையே பார்த்துக்கொண்டு, "வேணும்னா நான் உன் வீட்டுக்கு வரேன். டார்ச் பிடிக்க ஆள் வேணுமில்ல" என்றான்.

நெஸ்டர் உள்ளே வந்து கடைக்குப் போன் செய்தார். டைமர் திங்கட்கிழமைதான் வருமாம். சமையலறையில் லெஸ்யா ரொட்டி சுடுகிற டோஸ்டரைப் பிடுங்கிவிட்டு அங்கே ஹேர் டிரையரைச் செருகி, அடுப்புப் பக்கம் நின்று தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வருஷமாகக் குளியலறையில் செய்கிற வேலை அது.

"சாப்பாட்டுல முடி விழும்" என்றார் நெஸ்டர்.

"விழுந்தா எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடு" என்றாள்.

வியாழக்கிழமை மோரிஸ் வந்தான். டார்ச்சை வாங்கிக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, தரையில் பரப்பிக் கிடந்த மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான், முழுங்கினான். மறுபடி வாயைத் திறந்தான்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"பிளக் பாயின்ட்ல கரண்ட் இருக்கா?"

நெஸ்டர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். கிடங்கு வேலைக்குப் புதிதாகச் சேருகிறவனுக்கு நெஸ்டர் முதல்நாள் முதல் வார்த்தையாகச் சொல்வது, மெஷினைத் தொடுவதற்கு முன்னால் கரண்ட் வருகிறதா பார் என்பது. அதைப் பார்க்காமல் மோட்டாரைக் கழற்றின ஒரு பையனை அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் எடுத்துச் சுவர் பாயின்ட்டில் செருகினார். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. சைபர்.

"நீ கிடங்கு ஆபீஸ்ல பேனா பிடிச்சவன். உனக்கு எப்படித் தோணிச்சு?" என்று கேட்டார்.

"சும்மா வாயில வந்துச்சு" என்றான் மோரிஸ். அவன் முகம் ஏன் அப்படிச் சிவந்தது என்று நெஸ்டருக்குப் புரியவில்லை.

மெஷினைத் திரும்பப் பூட்ட மதியம் ஆகிவிட்டது. இரண்டு ஸ்க்ரூ மிஞ்சியது, அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சமையலறையிலிருந்து நீள வயர் ஒன்றை இழுத்து வந்து மெஷினைச் செருகினார். மெஷின் பிறந்த நாளில் ஓடின மாதிரி ஓடியது. நெஸ்டர் படியேறி வந்து வெற்றியை அறிவித்தார்.

"மெஷின் நல்லா இருக்கு."

"மெஷின் நல்லா இருக்குன்னு நான் எப்பவும் சொல்றேனே" என்றாள் லெஸ்யா, மாவு பிசைந்த கையை நிறுத்தாமல். "பந்தயம் கோளாறு எங்கேங்கறது. எங்க?"

"கோளாறு சுவருக்குள்ள. பெட்டிக்கும் பாயின்ட்டுக்கும் நடுவுல."

"நடுவுலன்னா எங்க?"

"எலி கடிச்சிருக்கும்."

"எலியக் காட்டு. ஒத்துக்கறேன்."

அன்று மோரிஸ் வீட்டுக்குப் போனபிறகு நெஸ்டர் தனியாகக் கீழே உட்கார்ந்து, அந்த வீட்டு வயரிங் எப்படிப் போகிறது என்று ஒரு காகிதத்தில் வரைய ஆரம்பித்தார். பெட்டியை வரைந்தார். பெட்டியிலிருந்து ஒரு கோடு இழுத்தார். கோடு அங்கேயே நின்றது. பென்சில் காகிதத்தில் இருக்கிறது, கை பென்சிலில் இருக்கிறது, அடுத்து எங்கே போவது என்று மட்டும் தெரியவில்லை. மெஷினின் படத்தை எடுத்துப் பார்த்தார். காலையில் பாட்டு மாதிரி படித்த படம் அது. இப்போது வளைவும் கோடும் புள்ளியுமாக யாரோ கிறுக்கின மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஒரு நிமிஷமாக இருக்கலாம், அரை மணியாக இருக்கலாம். பிறகு கோடுகள் மெதுவாகத் தத்தம் இடத்துக்குத் திரும்பி வந்தன, காயில் காயிலாகவும் சுவிட்ச் சுவிட்சாகவும் ஆயின. நெஸ்டருக்குச் சட்டை நனைந்திருந்தது. அவர் பயந்துபோயிருந்தார். கிடங்கில் நானூற்று எண்பது வோல்ட் கையைத் தட்டிவிட்ட நாளில்கூட அவர் அப்படிப் பயந்ததில்லை. காகிதத்தைக் கசக்கி, வீட்டைச் சூடாக்குகிற அடுப்புக்குள் போட்டார். லெஸ்யாவிடம் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை, கூரையைப் பிரித்தார். பேஸ்மென்ட் கூரைக்கு அவரே அடித்த பலகைகள். ஒவ்வொன்றாகச் சுத்தியலால் நெம்ப, முப்பத்தாறு வருஷத்துத் தூசி மோரிஸின் தலையில் விழுந்தது. மெஷின் பாயின்ட்டிலிருந்து கிளம்பிய வெள்ளை வயரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். வயர் பிரேக்கர் பெட்டிப் பக்கம் திரும்பவில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு திக்கில் போய், ஓர் உத்தரத்தில் ஓட்டை வழியாக நேராக மேலே ஏறியது.

"இது என்ன கிறுக்குத்தனம்? எந்த மடையன் இப்படிப் போட்டான்?" என்றார் நெஸ்டர்.

மோரிஸ் டார்ச்சை உத்தரத்தின் மேல் அடித்தான். பென்சிலில் ஓர் அம்புக்குறி. பக்கத்தில் "மேலே போகிறது, 1988" என்று கட்டைகட்டையாக எழுத்து. கிடங்குகளில் ஆயிரம் பெட்டிகளில் இருக்கிற எழுத்து அது. நெஸ்டரின் எழுத்து.

அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். தன் கையெழுத்தில் இன்னொருவன் வந்து எழுதிவிட்டுப் போன மாதிரி இருந்தது. எழுதினதும் நினைவில்லை, எதற்கு எழுதினார் என்பதும் இல்லை. மோரிஸ் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினான்.

"நெஸ்டர், மேல போயி லெஸ்யாகிட்டக் கேளேன்" என்றான் மெதுவாக.

"வயரிங் பத்தி லெஸ்யாகிட்டக் கேக்கவா? நீ வீட்டுக்குப் போ மோரிஸ்."

மோரிஸ் போனான். போகும்போது படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது இரக்கம் என்று நெஸ்டருக்குப் பட்டது, அதனால் அதைப் பார்க்காத மாதிரி சுத்தியலைத் தேடினார். வயர் மேலே ஏறுகிற இடத்துக்கு நேர் மேலே குளியலறைச் சுவர். அதை உடைப்பதா வேண்டாமா என்று சுத்தியலும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது மேலே சுவர்க்கடிகாரம் ஆறு அடித்தது.

லெஸ்யா படியில் வந்து நின்றாள். பிரித்துப்போட்ட பலகைகளையும் தூசியையும் பார்த்தாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். செய்யவில்லை, அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"தோத்துட்டேன்" என்றார். அந்த வார்த்தையை அந்த வீட்டில் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "நீ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. அவன் கண்டுபிடிக்கட்டும். நான் பிராண்டன் வரேன்."

"எலக்ட்ரீஷியன் வேண்டாம். மேல வா."

குளியலறையில் கண்ணாடி அலமாரியின் கதவைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் ஒரு நாடாத் துண்டு ஒட்டியிருந்தது, ஓரமெல்லாம் பழுப்பேறி. அதில் அதே கட்டை எழுத்து. "லெஸ்யா, கரண்ட் இல்லையென்றால் கீழே இருக்கிற பிளக்கில் சிவப்புப் பொத்தானை அழுத்து" என்று முதல் வரி. அலமாரிக்குக் கீழே, முகம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், ஈரக்கை பட்டால் கரண்டைத் துண்டிக்கிற பாதுகாப்பு பிளக் பாயின்ட். நடுவில் இரண்டு குட்டிப் பொத்தான்கள். கறுப்பு நிறுத்துவதற்கு, சிவப்பு ஓட்டுவதற்கு.

நெஸ்டருக்கு அப்போதுதான் ஏதோ ஓரத்தில் மினுக்கென்றது. அந்தக் காலத்தில் இந்தப் பாயின்ட் ஒன்று யானை விலை. ஈரம் படுகிற இடத்துக்கெல்லாம் தனித்தனியாக வாங்க மனசு வராமல், ஒரே ஒன்றை வாங்கி இங்கே மாட்டி, மற்றதையெல்லாம் இதன் வாலில் கட்டிவிட்டிருக்கிறார். கிடங்கில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அன்றே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினார். டக்கென்றது. கீழே பேஸ்மென்ட்டில், சுவரில் திரும்பச் செருகிவைத்திருந்த மெஷின் உறுமிக்கொண்டு எழுந்து ஓட ஆரம்பித்தது. அவர் காதை வைத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் நன்றாக ஓடியது.

"உனக்கு முதல்லயே தெரியும்" என்றார்.

"நீதான சொல்லிக் குடுத்த. ஊர்பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச, ஒரே பிளக்குல வீட்டையே காப்பாத்திட்டேன்னு."

"மோரிஸுக்குத் தெரியுமா?"

"வேராவுக்குத் தெரியும்."

வேராவுக்குத் தெரிந்தால் கோயில் மண்டபத்துக்குத் தெரியும், கோயில் மண்டபத்துக்குத் தெரிந்தால் காபிக்கடைக்குத் தெரியும். நெஸ்டர் குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"பொத்தான் செவ்வாய்க்கிழமை தானா விழுந்துச்சா?"

"இல்ல. நான்தான் அழுத்தினேன்."

"விரிப்பு உள்ள ஓடிக்கிட்டிருக்கும்போதா? மெஷின் மேல உனக்கு என்ன கோவம்?"

"மெஷினை நிறுத்தணும்னு யாரு நினைச்சா? எழுதினதை முழுசாப் படி."

அவர் எழுந்து, கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு மீதியைப் படித்தார். "இதில் ஓடுவது: குளியலறை. துணி மெஷின்." அதற்குக் கீழே, நாடா முடிகிற இடத்தில் இடம் போதாமல் நெருக்கி எழுதின மூன்றாவது வரி. "வெளியே, வண்டி ஹீட்டர்."

மூன்று ராத்திரியும் தவறாமல் கோட்டு மாட்டிக்கொண்டு போய், செத்த பாயின்ட்டில் வண்டியைக் கட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

"செவ்வாய்க்கிழமை காலைல காபி குடிக்கும்போது என்ன சொன்ன?" என்று லெஸ்யா கேட்டாள். "நாளைக்கு வண்டிய எடுத்துக்கிட்டு ரோப்ளின் ஊருக்குப் போறேன், கிடங்குல கூட இருந்த டாரஸைப் பாத்து நாளாச்சுன்னு சொன்ன."

"ஆமா. சொன்னேன். பாத்து நாளாச்சுதானே."

"டாரஸ் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு நெஸ்டர். சவப்பெட்டியோட முன் ஓரத்தப் பிடிச்சுத் தூக்கினவன் நீ."

கீழே மெஷின் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. நெஸ்டர் டாரஸின் முகத்தைத் தேடினார். முகம் உடனே வந்தது, சிரித்துக்கொண்டு. சவப்பெட்டிதான் வரவில்லை.

"மறுபடி ஏரி ரோட்டுல போயி நின்னுடுவன்னு பயந்துட்டேன்" என்றாள் லெஸ்யா. "சாவிய ஒளிச்சா நீ கண்டுபிடிச்சுடற. அதனால நேரா இங்க வந்து இந்தக் கறுப்பை அழுத்திட்டேன். கீழ கோயில் விரிப்பு ஓடிக்கிட்டிருக்குங்கற ஞாபகமே வரல. எனக்கும் மறதிதான். நீ படியில எறங்கி, மோட்டார் போச்சுன்னு சொன்னியே, அப்ப திரும்ப வந்து சிவப்பை அழுத்தத்தான் இருந்தேன். உனக்கா ஞாபகம் வருதான்னு பாக்கலாம்னு தோணிச்சு. வந்திருந்தா நான் தோத்திருப்பேன். நாலு நாளும் நான் தோக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

நெஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் வேரா வீட்டுச் சோப்பு வாசனை அடித்தது. செவ்வாய்க்கிழமை மோரிஸ் வண்டி ஓட்டுவதாகப் பேசியாயிற்று என்றும், அவரையும் அவளையும் பின்சீட்டில் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளச் சொல்லி வேரா சொல்லியிருக்கிறாள் என்றும் சொன்னாள். நெஸ்டர் தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

தலையாட்டிக்கொண்டே அவர் பார்வை குளியலறை ஜன்னலுக்குப் போனது. வெளியே பனிக்குள் பிக்கப் நின்றது, மூக்கிலிருந்து வயர் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்த வயரில் கரண்ட் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடினால் காலை எட்டு மணிக்கு எஞ்சின் பட்டென்று எழும். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் முழுசாக மூன்று நாள் இருக்கிறது. மூன்றாவது சாவி அவர் பூட்ஸுக்குள் இருக்கிறது. இந்தக் கணக்கில் மட்டும் அவருக்கு ஓர் இடத்திலும் கோடு நிற்கவில்லை.

லெஸ்யா அவர் பார்வையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிடித்த கையை விடாமல், இன்னொரு கையை நீட்டிக் கறுப்புப் பொத்தானை அழுத்தினாள். கீழே மெஷின் பாதித் தண்ணீரில் அடங்கியது.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் நம்ம துணியையும் வேரா வீட்லயே துவைச்சுக்கறேன்" என்றாள்.